சரிவும் விசையும்: சப்பிரகமுவத் தோட்டப் பள்ளிகளில் இயக்கவியல்



கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்திற் பிரயாணஞ் செய்தவர்கள் இறம்புக்கனை நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். கேகாலை மாவட்டத்தின் சமநிலம் அங்கே முடிகின்றது, மலை தொடங்குகின்றது. அந்நிலையத்திலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழப் பன்னிரண்டு மைல் தூரத்தில் இருப்புப் பாதை 1,400 அடி உயரம் ஏறுகின்றது. 1867ஆம் ஆண்டிற் கண்டி வரை திறந்துவைக்கப்பட்ட அப்பாதையின் மிகக் கடினமான பகுதி இதுவே. நாற்பத்தைந்து அடி முன்னேறினால் ஓரடி உயர்வது என்பது இதன் சாய்வு. நீராவி இயந்திரங்கள் ஓடிய நாளில், முன்னே இழுக்கும் இயந்திரத்துக்குத் துணையாகப் பின்னே இன்னோர் இயந்திரத்தைப் பூட்டித் தள்ளச் செய்வார்கள். முன்னதன் பெருமூச்சும் பின்னதன் பெருமூச்சும் மாறிமாறிக் கேட்கும்.

நாற்பத்தைந்துக்கு ஒன்று என்பது கண்ணுக்குப் பெருஞ் சரிவாகத் தோன்றுவதில்லை. ஆயினும், 180 தொன் நிறையுள்ள வண்டித் தொடர் ஒன்றை அச்சரிவிலே பின்னோக்கி உருளாமல் வெறுமனே நிறுத்தி வைப்பதற்கே 4 தொன் நிறைக்குச் சமமான விசை வேண்டும். அதற்கு மேலே கிடைப்பதுதான் மேலேற உதவும். மழை நாளிற் தண்டவாளம் நனைந்து சில்லு வழுக்கினால், இயந்திரத்திலுள்ள பெட்டியிலிருந்து மணலைத் தூவுவார்கள். மணல் உராய்வைக் கூட்டும், சில்லு பிடித்துக்கொள்ளும். விசை, சாய்தளம், உராய்வு என்னும் மூன்று பாடங்களும் அவ்வொரே நிலையத்தில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தன. அவற்றை வேலியோரத்தில் நின்று பார்த்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவை பாடங்கள் என்று சொல்வார்தாம் நெடுங்காலம் இருக்கவில்லை. அந்த நெடுங்காலத்தின் கதையையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

சப்பிரகமுவ 1889இல் தனி மாகாணமாயிற்று. கேகாலையும் இரத்தினபுரியும் அதன் இரு மாவட்டங்கள். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலையும், 1876இல் இலங்கைக்கு வந்துசேர்ந்த இறப்பர்ச் செடியின் சந்ததியும், எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளை மூடின. களனிப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப் பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடியே அகலமுள்ள அச்சிறு பாதை, சரக்கை இறக்கிக்கொண்டு போகவும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரவும் உதவிற்று. தென்னிந்தியாவின் சமவெளிகளிலிருந்து வந்த மக்கள் இங்கே சரிவில் வாழக் கற்றார்கள். சரிவில் நின்று கொழுந்தெடுப்பது, சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் பால் வெட்டுவது, சரிவை வெட்டித் தட்டாக்கிய இடத்திற் கட்டிய லயத்தில் உறங்குவது என அவர்கள் வாழ்வின் ஒவ்வொரு நாழிகையும் பூமியின் ஈர்ப்போடு செய்த ஓர் உடன்படிக்கையே.

இறப்பர் மரத்தைப் பாருங்கள். பட்டையிற் கத்தி இடும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கும். சாய்வு போதாவிடின் பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையிலே வீணாகும். விடியுமுன்னே வெட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறாத வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போதே பால் நன்றாக வெளிப்படும். தேயிலைத் தோட்டங்களிலோ, உயரத்திலுள்ள மலையிலிருந்து தொழிற்சாலை வரை இரும்புக் கம்பி கட்டி, கொழுந்து மூட்டைகளை அதிற் கொளுவி விட்டார்கள். எந்த இயந்திரமும் தள்ளாமலே அவை கீழே பறந்து சென்றன. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் இல்லம் எனப்படும் சரளை மண்ணைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றும்போது, இலேசான மணல் நீரோடு போக, அடர்த்தி மிகுந்த மணிக்கற்கள் அடியிலே தங்கின.

பிள்ளைகளின் விளையாட்டும் அவ்வாறே. கமுகம் மடலில் ஒருவனை இருத்தி இன்னொருவன் இலைக்காம்பைப் பிடித்து இழுப்பான். காய்ந்த இறப்பர்ச் சருகின்மேல் மடல் வழுக்கிக்கொண்டு ஓடும். கல்லுப் பாதையில் நகர மறுக்கும். ஏறியிருப்பவன் பருத்தவனாயின் இழுப்பவன் முறையிடுவான். உராய்வு தளத்தின் தன்மையையும் மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் பொறுத்தது என்னும் விதி முழுவதும் அந்த முறையீட்டில் அடங்கியிருக்கின்றது!

இனி, இயக்கத்தைப் பற்றி மனிதர் எண்ணிய வரலாற்றுக்குச் சிறிது வருவோம். தள்ளினால் நகரும், தள்ளுவதை விட்டால் நிற்கும் என்பதே எல்லாப் பிள்ளைகளின் முதற் கொள்கை. கிரேக்க ஞானி அரிஸ்தோத்தில் அதனையே பெருந் தத்துவமாக்கினார். எய்த அம்பு வில்லை விட்டபின்னும் ஏன் பறக்கின்றது என்னும் கேள்வி அவரைத் துன்புறுத்தியது; காற்றே பின்னின்று தள்ளுகின்றது என்று ஒருவாறு விடை கூறினார். நம் பக்கத்து வைசேடிகரும் இதனை ஆராய்ந்தவர்களே. எறிதல், வீழ்த்தல், சுருங்கல், விரிதல், செல்லல் என இயக்கத்தை ஐந்தாக வகுத்த அவர்கள், அம்பினிடத்தே வேகம் என்றொரு குணம் பதிந்து அதனைத் தொடர்ந்து செலுத்துகின்றது என்றார்கள். காற்றின்மேற் பழியைப் போடுவதைக் காட்டிலும் இது மேலான விடை என்பது என் எண்ணம். வைசேடிகக் கொள்கை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. மணிமேகலையிற் சமயவாதிகள் தத்தம் கொள்கை கூறும் இடத்தில் வைசேடிகனும் வருகின்றான்.

கலிலியோ செய்த புதுமை யாதெனில், வாதத்தை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கியமையே. நேரே விழும் பொருள் கண்ணிமைக்குமுன் விழுந்துவிடும். அக்காலக் கருவிகளால் அதனை அளக்க இயலாது. ஆகவே அவர் ஒரு நீண்ட பலகையிற் பள்ளம் இழைத்து, அதனைச் சிறிது சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். ஈர்ப்பைச் சாய்தளத்தால் மெதுவாக்கி, துளையுள்ள பாத்திரத்திலிருந்து வழிந்த நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். ஒரு பங்கு காலத்தில் ஒரு பங்கு தூரம், இரு பங்கு காலத்தில் நான்கு பங்கு, மூன்றில் ஒன்பது, நான்கிற் பதினாறு. இதனை 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1970களில் ஸ்டில்மன் டிரேக் என்னும் ஆராய்ச்சியாளர் கலிலியோவின் கையெழுத்துத் தாள்களை நுணுகிப் பார்த்து, அவர் இசையின் தாளத்தைக் கொண்டும் காலத்தை அளந்திருக்க வேண்டும் என்று கருதினார். கலிலியோவின் தந்தை நரம்புக் கருவி வாசிப்பிற் பேர்பெற்றவர் என்பதை நோக்க, இக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

இச்சோதனையைத் தோட்டத்துப் பள்ளி முற்றத்திற் செய்வதற்கு யாதொரு செலவும் இல்லை. கமுக மரம் ஒன்றை இரண்டாகப் பிளந்து உட்சோற்றை நீக்கினால், கலிலியோவின் பள்ளம் தயார். பீலிக்கு அதனைப் பயன்படுத்துவது பிள்ளைகள் அறிந்ததே. பன்னிரண்டடி நீளம் இருக்கட்டும். அது பதினாறு சாண். மேல் முனையிலிருந்து நான்கு, எட்டு, பன்னிரண்டு, பதினாறாம் சாண்களில் மெல்லிய நூலைக் குறுக்கே கட்டி, ஒவ்வொரு நூலிலும் சிறு தகரத் துண்டு ஒன்று தொங்கவிடுக. பளிங்குக் குண்டை விட்டால் ஒலிகள் வரவர நெருங்கி ஒலிக்கும். பின்பு நூல்களை ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறாம் சாண்களுக்கு மாற்றுக. இப்போது ஒலிகள் ஒரே சீராக, தாளம் பிசகாமல் விழும். தப்பு அடிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், மணிக்கூடும் வேண்டியதில்லை; அவன் தட்டும் தட்டே போதும். விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக் களத்துக்கு அழைக்க ஒலித்த அதே தப்பு, ஆர்முடுகலின் விதியை மெய்ப்பிக்கவும் உதவுகின்றது.

அப்படியானால் இது ஏன் நடக்கவில்லை?

தமிழிற் கற்பிக்க ஆளில்லை, கருவியில்லை என்று சொல்வது முழு உண்மையன்று. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியில், தமிழ் மாணாக்கர் கணிதமும் வானசாத்திரமும் இயற்கைத் தத்துவமும் கற்றார்கள். அச்செமினரி 1855இல் மூடப்பட்டது. அதே ஆண்டுகளில், அதே மொழியைப் பேசிய ஆயிரக்கணக்கான மக்கள் மன்னார் வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, பெரும்பாலும் லயத்தின் ஒரு கோடியில் எழுத்தறிந்த ஒருவர் நடத்திய பள்ளி. 1854இல் தொடங்கிய தோட்டத் தமிழர் மிசன் போன்றவை சில இடங்களிற் பள்ளிகள் வைத்தன. அரசாங்கம் கண் திறந்தது மிகப் பிந்தியே. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரைமாரின் கடமையென்று கூறிற்று. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை இறுக்கிற்று.

கடமை இறுகியதே தவிர, பாடம் விரியவில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. வாசிப்பு, எழுத்து, கணக்கு. ஆசிரியருக்குத் தோட்டத்தின் வேறு வேலைகளும் இருக்கலாம். பத்து வயது தாண்டிய பிள்ளை கொழுந்துக்கோ களையெடுக்கவோ போய்விடும். உயர்ந்த எண்ணம் எதுவும் அப்பிள்ளைக்கு வேண்டாம், பெயரெழுதவும் கூலியை எண்ணவும் தெரிந்தாற் போதும் என்று கருதியவர்கள் துரைமாருள் மட்டும் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. நம்மவருள்ளும் இருந்தார்கள்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் விளைந்த அப்பெருஞ் சீர்திருத்தம் கிராமங்கள்தோறும் ஒளி பரப்பிற்று. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்பதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தும், நடைமுறையில் ஆனது சொற்பம். மறு ஆண்டிற் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் கையேற்றபோதும், தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை புறம்பே நின்றன. 1972இல் ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் என்னும் பாடம் விதிக்கப்பட்டது. நல்ல பாடம் அது. பட்டணத்துப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் முதன்முறையாக ஒரே விஞ்ஞானத்தைக் கற்றனர். ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளிக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தால் யாது பயன்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையானபின், 1977 முதலே பள்ளிகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. 1990களில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வரலானார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 1977 வரை எழுபது ஆண்டுகள்! இறம்புக்கனை இயந்திரத்தை வேலியோரம் நின்று பார்த்தவனின் பேரன்தான் உராய்வு என்னும் சொல்லைப் புத்தகத்திற் கண்டான்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களிலும் அதன் பின்னும் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற் பணியால் இந்நாட்டுத் தமிழ் விஞ்ஞானம் தனக்கென ஒரு சொல்வளத்தைப் பெற்றது. வேகம் வளர்வது இங்கே ஆர்முடுகல், தமிழ்நாட்டில் முடுக்கம். பொருளில் அடங்கிய சடத்தின் அளவு இங்கே திணிவு. பூமி அதனை இழுக்கும் விசை நிறை. தமிழ்நாட்டிலோ முன்னதே நிறை, பின்னது எடை. இராமநாதபுரத்து உறவினர் அனுப்பிய புத்தகத்தை வைத்துப் படிக்கும் கேகாலைப் பிள்ளை, நிறை என்னும் ஒரே சொல்லில் இரு பொருள் கண்டு திகைப்பதில் வியப்பில்லை. ஆசிரியர் இதனை முதல் நாளே சொல்லிவிடுதல் நன்று. அதனினும் நன்று, பிள்ளை வீட்டிற் பேசும் பாரம் என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது.

ஏனெனில் பாரம் என்பது தோட்டத்திற் புத்தக விவகாரமன்று. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொங்குகின்ற தராசுக்குள் இருப்பது ஒரு சுருள்வில். இழுக்கும் விசைக்கு ஏற்ப வில் நீளும் என்று 1678இல் றொபேட் ஹூக் வெளியிட்ட விதியே அதன் முள்ளை நகர்த்துகின்றது. சாக்குக்கும் ஈரத்துக்குமென ஒரு தொகையைக் கழிப்பது தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். அது பற்றிய முறைப்பாடும் அவ்வளவே பழையது. வெறும் தராசின் முள் பூச்சியத்தில் நிற்கின்றதா என்று பார்க்கவும், வெற்றுச் சாக்கைத் தனியே நிறுத்து அதன் பாரத்தைக் குறித்துக்கொள்ளவும், நனைந்த சாக்கு எவ்வளவு கூடும் என்று கணிக்கவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியும். இறப்பர் நாடா ஒன்றும், சிரட்டை ஒன்றும், அளவுகோல் ஒன்றும் கொண்டு வகுப்பில் தராசு செய்து பார்த்த பிள்ளை, தாயின் கொழுந்து நிறுக்கப்படும்போது முள்ளைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும்.

கற்பிக்கையில் ஓரிடம் மட்டும் எப்போதும் கடினம். விசை நின்றால் இயக்கம் நிற்கும் என்னும் அந்தப் பழைய கொள்கை இலகுவிற் போவதில்லை. 1970களின் இறுதி முதல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சிகள், நியூற்றனின் விதிகளை மனனஞ் செய்து பரீட்சையிற் தேறிய மாணாக்கரும் உள்ளத்தில் அரிஸ்தோத்திலின் சீடராகவே இருப்பதைக் காட்டின. ஆகவே விதியை முதலிற் சொல்வதில் பயனில்லை. சிறு பலகை ஒன்றைச் சிமெந்துத் தரையிற் தள்ளிவிட்டு எவ்வளவு தூரம் போகின்றது என்று அளக்கட்டும். பின்பு தரையில் இறப்பர் விதைகளைப் பரப்பி, அவற்றின்மேற் பலகையை வைத்து அதே அளவு தள்ளட்டும். வழவழப்பான அவ்விதைகளின்மேல் அது எத்தனையோ மடங்கு தூரம் ஓடும். உராய்வு இன்னுங் குறைந்தால்? இன்னுங் குறைந்து, இல்லாமலே போனால்? பிள்ளை தானாகவே சொல்லும், பலகை நிற்காது என்று. நியூற்றன் 1687இல் எழுதிய முதலாம் விதி அதுவே. கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் எடுக்கப்படும் காரீயமும் இதே பாடத்துக்குரியது. அதன் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதாலேயே அது பென்சிலாகவும் உதவுகின்றது, இயந்திரங்களுக்கு மசகாகவும் உதவுகின்றது.

உராய்வைக் குறைப்பது இவ்வாறிருக்க, உராய்வு குறைந்துவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு.

2003ஆம் ஆண்டு மே மாதத்திற் பெய்த பெருமழையால் இரத்தினபுரி உட்பட்ட தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்காவில் ஒரு மலைப்பக்கமே கிராமங்களின்மேல் இறங்கிற்று. அதே நாளிற் புளத்கொகுப்பிட்டியவின் களுப்பஹனைத் தோட்டத்தில் லயத்து மக்கள் பலர் மண்ணிற் புதையுண்டனர். இவை தெய்வ கோபம் என்று சொல்வாரும் உளர். ஆயின் பள்ளியிற் சாய்தளப் பாடம் கற்ற பிள்ளை இதற்குக் காரணம் காண இயலும். பலகையின்மேல் ஒரு பெட்டியை வைத்து மெல்லமெல்லச் சாய்த்தால், ஒரு பாகை வரை உராய்வு அதனைப் பிடித்திருக்கும். அதனைத் தாண்டியதும் பெட்டி வழுக்கும். மலையின் சாய்வு ஒரே நாளில் மாறுவதில்லை. மாறுவது நீர். மழைநீர் மண்ணுட் புகுந்து அதன் பாரத்தைக் கூட்டுகின்றது. அதனினும் முக்கியமாக, மண்துணிக்கைகளின் இடையே நிறைந்து அவற்றை ஒன்றிலிருந்தொன்று விலகத் தள்ளுகின்றது. துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைய, உராய்வும் குறைகின்றது. மண்பொறியியலின் தந்தை எனப்படும் தெர்சாகி 1920களில் வகுத்த உண்மை இது. பிடித்து நின்ற வேரை வெட்டியும், மேட்டின் அடியைத் தோண்டியும் விட்டால் கேட்க வேண்டியதில்லை.

இதனையும் முற்றத்திலே காட்டலாம். தகரத் தட்டில் மண்ணை அடைத்து, ஒரு பக்கத்தில் புல்லோடு கூடிய மண்ணையும் மறுபக்கத்தில் வெறும் மண்ணையும் வைத்து, தட்டைச் சாய்த்துப் பூவாளியால் நீரூற்றினால் எப்பக்கம் முதலிற் சரிகின்றது என்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். பின்பு மழைமானியைக் காட்டுக. நேரான பக்கங்களும் தட்டையான அடியுமுள்ள போத்தல் ஒன்றும் ஓர் அளவுகோலும் போதும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும் என்றும், 150 ஆனால் வீட்டை விட்டு நீங்க வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்திருக்கின்றது. ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் நீங்க வேண்டியதே. இரவில் மழை வலுக்கும்போது மேலதிகாரியின் கட்டளை லயத்தை எட்டப் பிந்தலாம். போத்தலில் நீர் எந்தக் கோட்டைத் தொட்டிருக்கின்றது என்று விளக்கோடு போய்ப் பார்த்து வந்து, பாட்டியையும் தம்பியையும் எழுப்ப ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.